சமவெளிக்கு வந்த கடல்

சென்ற சித்திரையில் சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் நாற்பது பாகையைத் தொட்டுக்கொண்டிருந்த பிற்பகல். அக்கா மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றான். இருநூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை முன்னறையில் வைத்து, அதில் ஒரு பவளப்பாறையை வளர்க்கப்போகிறானாம். அதில் விடவேண்டிய உயிர்களின் பட்டியல் அந்தத் தாளில் இருந்தது. கோமாளி மீன் இரண்டு, அவற்றுக்கு வீடாக ஒரு பெரிய கடல் சாமந்தி, மஞ்சள் டாங் ஒன்று, மூரிஷ் ஐடல் ஒன்று, வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டு, மற்ற மீன்களின் உடலைத் துப்புரவு செய்யும் சிறுமீன் ஒன்று, கடல் குதிரை நான்கு, ராட்சதச் சிப்பி ஒன்று, மான்கொம்புப் பவளம் இரண்டு கிளை.

எனக்கு மீன் வளர்ப்பு தெரியாது. பழைய புத்தகங்களைப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. அதனால்தான் அவன் என்னிடம் வந்தான் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் கொடு என்று தாளை வாங்கிவைத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று. பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு நீண்ட கதை இருந்தது. அவற்றில் சில கதைகள் நம் சேலம், நாமக்கல் மண்ணிலேயே வந்து முடிவதைக் கண்டபோது ஏற்பட்ட வியப்புதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

*

கீழைக்கடல் சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்தச் சமவெளிக்குக் கடல் முதன்முதலில் உப்பாகத்தான் வந்தது. உமணர்கள் வண்டி வண்டியாக உப்பைக் கொண்டு உள்நாடுகளுக்குப் போனதைச் சங்கப் பாடல்கள் பலமுறை காட்டுகின்றன. அக்கா மகனும் உப்பிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆகவே அவன் தொட்டிக்கு ஏழு கிலோ தேவை.

ஆனால் உமணர் கொண்டுவந்த உப்பைக் கரைத்தால் கடல் திரும்பி வந்துவிடாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. சமையலுக்கு அது போதும். பவள உயிருக்குப் போதாது. கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து எடுத்துத்தான் அது தன் கல்வீட்டைக் கட்டுகிறது. கடல் நீரைச் செயற்கையாகக் கலந்து செய்யும் முறையை இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி காஸ் 1850களில் வெளியிட்டார். 1960களில் அமெரிக்காவில் கலவை உப்பு பொட்டலமாக விற்பனைக்கு வந்த பின்புதான் கடலைக் காணாத ஊர்களிலும் வீட்டுக்குள் கடல் சாத்தியமாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பவளத்துக்கு வேண்டிய இரண்டு உலோகங்களும் சேலத்து மண்ணில் கொட்டிக் கிடக்கின்றன. சேலத்தின் வடக்கே வெள்ளை நரம்புகள் ஓடும் குன்றுகளைக் கண்ட ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக்கட்டி என்று எண்ணி 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டனர். உண்மையில் அது மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். தெற்கே சங்ககிரியில் சுண்ணாம்புக்கல். பழைய கடலடிப் படிவுகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகமானதே இவ்வகைச் சுண்ணாம்புக்கல் என்று நிலவியலாளர் கருதுகின்றனர். அப்படியானால் கடல் சேலத்துக்குப் புதிதாக வரவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வருகிறது.

*

கடலுயிரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசைக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கும் குறைவே. சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ஜான் வில்ப்ரே-பவர் 1832-ல் கண்ணாடித் தொட்டிகள் செய்து, ஆர்கோநாட் என்னும் கணவாய் இனத்தை அவற்றில் வைத்து ஆராய்ந்தார். 1846-ல் ஆனா தின் என்னும் சீமாட்டி டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கல்பவளங்களை லண்டனுக்கு எடுத்துவந்தார். நீரில் காற்றுக் கலக்கவேண்டுமே! நாள்தோறும் முக்கால் மணி நேரம் திறந்த சன்னலருகே நின்று அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றி எடுக்கும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. சீமாட்டியின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

இதைப் படித்தபோது 2012 நினைவுக்கு வந்தது. சென்னைக்கு வெளியே தமிழ்நாடெங்கும் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டு அது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் சாதாரண நன்னீர் மீன்கள் சிலவற்றை வைத்திருந்தான். அவன் பள்ளிக்குப் போனபின் அக்கா ஒரு செம்பை எடுத்துக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்து நீரை மொண்டு மொண்டு ஊற்றுவாள். "எம்புள்ள வர்றதுக்குள்ள ஒன்னும் செத்துரக் கூடாதுடா தம்பி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனா தின் வீட்டுப் பணிப்பெண்ணை அக்காவுக்குத் தெரியாது. ஆனால் இருவர் கையும் ஒரே வேலையைச் செய்தன.

தொட்டிக்குள் உயிர்களை ஒன்றுக்கொன்று துணையாகத் திட்டமிட்டு விடவேண்டும் என்ற எண்ணத்தை 1850-ல் முன்வைத்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர். தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் தொட்டியில் வைத்தார். செடி மீனுக்கு உயிர்க்காற்று தந்தது. ஆனால் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. நீர் தெளிந்தது. பவளத் தொட்டி வைப்போர் மீன் வாங்குவதற்கு முன்பே நத்தைகளையும் சங்கு நண்டுகளையும் துப்புரவுப் படையாக இறக்குகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

வாரிங்டன் கண்டது பாதி உண்மை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ன ஆகிறது என்பது அவருக்குப் புரியவில்லை. மண்ணில் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுவதை ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய மகன்; அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். தகப்பன் தொட்டியில் விட்டுவைத்த புதிருக்கு மகன் வயல் மண்ணில் விடை தேடினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. புதுத் தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே மீன் விடக்கூடாது, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கவேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். கல்லின் துளைகளில் அந்த நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகவேண்டும். கண்ணுக்குத் தெரியாதவையே முதல் குடிகள்.

1853-ல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. மறுஆண்டு காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' வெளிவந்தது. நடுத்தர வர்க்க வீடுதோறும் கண்ணாடித் தொட்டி வந்தது. கூடவே கடற்கரைப் பாறைக் குட்டைகளுக்குக் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் உளியும் வாளியுமாகப் போனார்கள். காஸ் பக்திமான், படைப்பின் அழகைக் காட்டி மக்களைக் கடவுளிடம் திருப்பலாம் என்று நம்பி எழுதியவர். அவர் காட்டிய குட்டைகள் அவர் வாசகர்களாலேயே சூறையாடப்பட்டன. 1907-ல் அவர் மகன் எட்மண்ட் காஸ் எழுதிய 'ஃபாதர் அண்ட் சன்' நூலில் இந்த இழப்பின் துயரம் பதிவாகியிருக்கிறது. நேசிக்கக் கற்றுக்கொடுத்த புத்தகமே அழிவுக்கு வழிகாட்டியாயிற்று. இந்தக் குற்றவுணர்வு பவளத் தொட்டியின் வரலாறு நெடுகத் தொடர்கிறது.

*

நம் பக்கம் வருவோம். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனைச் சாதிகளையும் குலங்களையும் பற்றிய ஏழு தொகுதிகளின் ஆசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, கடலுயிர்கள் பற்றி 1890-ல் நூல் எழுதியவரும் அவரே. அவருடைய முயற்சியில் சென்னைக் கடற்கரையில் ஒரு கடல் மீன் காட்சியகம் எழும்பி 1909-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1919-ல் அது மீன்வளத் துறையின் கைக்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. வெளியூரிலிருந்து சென்னைக்குப் போனவர்கள் 'செத்த காலேஜ், உயிர் காலேஜ்' பார்த்துவந்த கதை நமக்குத் தெரியும். அந்தத் தலைமுறையின் கடல் மீன் காட்சி இதுவாகத்தான் இருந்திருக்கும்.

காட்சியிலிருந்து ஆய்வுக்கு நகர்ந்த இடம் மண்டபம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டு 1949-ல் மண்டபம் முகாமுக்கு வந்தது. அந்த 'முகாம்' என்ற சொல்லைச் சேலத்துக்காரன் சும்மா கடந்துபோக முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் நிறுத்தி நோய்ச் சோதனை செய்து அனுப்பிய முகாம் அது. திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஆயிரமாயிரம். மனிதர்களைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த இடத்துக்கு அருகே பின்னாளில் மீன்களைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள். புதிதாக வாங்கிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து நோயில்லை என்று கண்டபின்பே பெரிய தொட்டியில் விடவேண்டும் என்று படித்தபோது எனக்கு அந்த முகாம்தான் கண்ணில் வந்தது.

1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளங்களுக்கென ஒரு கருத்தரங்கு நடந்தது. உலகப் பவளப்பாறை அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது அதுதான். இரண்டாவது 1973-ல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கப்பலிலேயே நடந்தது. முதலாவது நம் ராமநாதபுரம் சீமையில் நடந்தது என்பதை எத்தனை தமிழர் அறிவர்?

அறியாததில் வியப்பில்லை. அந்த ஆண்டுகளில் அதே கடலில் பவளம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடுக்கும் வீட்டுச் சுவருக்கும் மன்னார் வளைகுடாவின் பவளக்கல் வள்ளம் வள்ளமாகக் கரைக்கு வந்தது. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்களில் இன்றும் பவளக்கற்களைப் பார்க்கலாம். உள்நாட்டில் சங்ககிரி மலையடியில் வெட்டிய சுண்ணாம்பைக் கடலோரத்தில் கடலிலேயே வெட்டினார்கள். கல்லுக்குள் உயிர் இருந்தது என்பது ஒன்றே வேறுபாடு. 1986-ல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்குள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியிருந்தன. வெட்டுதல் முற்றாக நின்றது 2005 வாக்கில்தான்.

2001 ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கல்பவளங்கள் அனைத்தும், கடல் குதிரைகள், கடல் அட்டைகள், ராட்சதச் சிப்பிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. அக்கா மகனின் பட்டியலில் பாதி இந்த ஒரு வரியில் அடிபட்டுப்போயிற்று. அவன் இழந்தது ஓர் ஆசையை மட்டுமே. தலைமுறையாகக் கடல் அட்டை எடுத்துப் பிழைத்த குளியாளி இழந்தது பிழைப்பை. தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்த பெண்கள் தாங்கள் பிறந்த கடலில் அத்துமீறியவர்களாயினர். பவளத்தைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த வரலாற்றை எழுதவேண்டும்.

*

நாமக்கல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த அந்த மாவட்டத்தின் கோழிப்பண்ணைகளை அறியாதவர் இல்லை. முட்டை ஓடு ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட். பவளத்தின் எலும்பும் அதுவே. அந்தக் கால்சியத்துக்காகத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் குருணையோடு கடற்கிளிஞ்சலும் சேர்க்கிறார்கள். புரதத்துக்குக் கருவாட்டுத் தூள். இழுவை மடியில் விலைபோகும் இறாலோடும் மீனோடும் அள்ளிவரப்படும் உதிரி உயிர்களைக் கடற்கரையில் 'சங்காயம்' என்பார்கள். குஞ்சு மீன், சிறு நண்டு, நட்சத்திர மீன், சில சமயம் கடல் குதிரை என எல்லாம் அதில் உண்டு. அது காய்ந்து லாரியேறி நாமக்கல்லின் தீவன ஆலைகளுக்கு வருகிறது.

அக்கா மகன் கண்ணாடிக்குள் ஒரு கடல் குதிரையை வைத்துக் கொண்டாட நினைத்தான். அதே உயிர் நமக்குத் தெரியாமலே பல்லாண்டுகளாக நம் தட்டுக்கு முட்டையாக வந்துகொண்டிருந்திருக்கிறது. சமவெளிக்காரர்களாகிய நாம் கடலுக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்கள்.

*

மூன்று மாதம் கழித்து நானும் அவனும் உட்கார்ந்து பட்டியலை மீண்டும் எழுதினோம்.

சட்டம் அடித்தவை போக, உயிரியல் அடித்தவை சில. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே தின்பவை. மூரிஷ் ஐடல் தொட்டியில் பெரும்பாலும் உண்ணாமல் மெலிந்து சாகும். டாங் நாளெல்லாம் நீந்தி மேயும் மீன். இருநூறு லிட்டர் அதற்குச் சிறை. துப்புரவு மீன் மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நாலைந்து மீன் உள்ள தொட்டியில் அது பட்டினி கிடக்கும். அதற்குப் பதில் துப்புரவு இறால் ஒன்று போதும். கடல் சாமந்திக்கு முதிர்ந்த தொட்டியும் நிலையான நீரும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோய் மோட்டாரில் சிக்கும். ஓராண்டு போகட்டும் என்றேன். "அப்ப கோமாளி எங்க மாமா இருக்கும்?" என்றான். தொட்டியில் எதிரியில்லை என்றால் சாமந்தி இல்லாமலே அது வாழ்ந்துவிடும்.

கோமாளி மீனைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன கதை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்த இனத்தில் எல்லாமே ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. அது இறந்தால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறித் தலைமை ஏற்கிறது. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் இந்த மீனை உலகறியச் செய்தது. கடலிலிருந்து பிடித்ததை வாங்கவேண்டியதில்லை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறை கைவந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் கடலில் 1960களிலிருந்து சயனைடு கரைசலைப் பீச்சி மீன்களை மயக்கிப் பிடித்தார்கள். மீனோடு பவளமும் செத்தது. பண்ணையில் பிறந்த மீன் அந்தக் கணக்கில் சேராது.

கல்லுக்கு என்ன செய்வது என்பதுதான் கடைசிக் கேள்வி. கடலிலிருந்து பெயர்த்த பவளக்கல் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். சிமெண்டோடு கிளிஞ்சல் கலந்து வார்த்து, துளைகள் விட்டு, தானே கல் செய்தான். கிளிஞ்சல் நாமக்கல் தீவனக் கடையில் மூட்டையாக வாங்கியது. கழுவிக் கழுவிக் கை வலித்ததாம். சிமெண்டின் காரம் இறங்கும்வரை இரண்டு மாதம் மொட்டை மாடித் தொட்டியில் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தான். கோழிக்குப் போகவிருந்த கடல், வழிமாறி மீனுக்கு வீடாயிற்று.

இப்போது தொட்டியில் இருப்பவை: நத்தைகள் பத்து, சங்கு நண்டு ஐந்து, துப்புரவு இறால் ஒன்று, மணலைச் சலித்து உண்ணும் சிறு கோபி மீன் ஒன்று, பண்ணையில் பிறந்த கோமாளி இணை. காளான் போல விரியும் மென்னுயிர் பின்னால், உரிய தாள்களோடு. இவற்றில் எதையும் என்றும் வெளிநீரில் விடுவதில்லை என்று வாக்கு வாங்கினேன். தொட்டிகளிலிருந்து போன சிங்கமீன் அட்லாண்டிக்கில் பெருகி அங்குள்ள மீன்களைத் தின்று தீர்ப்பதையும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி நம் குருசடைத் தீவின் பவளத்தின் மேலேயே படர்ந்ததையும் சொன்னேன்.

சித்திரை மறுபடி வந்தபோது நீரைக் குளிர்விக்கும் கருவி ஒன்று வாங்கினான். நீர் 27 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறான். மின்சாரம் போனால் மின்கலம் இருக்கிறது. அதுவும் போனால் அக்காவின் செம்பு இருக்கிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவின் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. உயிர்ப்பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததென ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கடலுக்குக் குளிர்விக்கும் கருவி இல்லை. செம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆளும் இல்லை.

போன மாதம் தொலைபேசியில் அவன் கேட்டான்: "மண்டபம் போலாமா மாமா? நெசமான பாறைய ஒரு தடவ பாத்துட்டு வரணும்." அவனுக்கு இருபத்தைந்து வயது. இதுவரை பவளப்பாறையைக் கடலில் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. போவதாக இருக்கிறோம். அக்காவும் வருவாள்.